மாடம்பாக்கம் அப்பாதுரைக்கு ஒரு நிமிட மௌனம்

நிகழ்ச்சி முடிய நான்கு நிமிடம் இருந்தது. ‘நேயர் கடிதங்கள்’ என்று எழுதிய நீலக் கோப்பை ஈவ்லின் திறந்தாள். உள்ளே ஒரு குண்டூசி இருந்தது. அதுவும் கோப்போடு கடையில் கொடுத்தது.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆஸ்டின் சார் நின்றுகொண்டு, ‘படி, படி’ என்று கையால் சைகை காட்டினார்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு கல்வி அறக்கட்டளையின் மாடியில் இயங்கிய சமுதாய வானொலி அது. மாலை ஐந்து முதல் ஏழு வரை ஒலிபரப்பு. நிகழ்ச்சி எழுதுவது, பேசுவது, பொத்தானைத் தட்டுவது எல்லாம் ஈவ்லின். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆஸ்டின், அறக்கட்டளைச் செயலாளர். கங்கம்மா அறையைப் பெருக்கிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். மூன்று பேரும் சேர்ந்ததுதான் நிலையம்.

அன்று காலையில்தான் ஆஸ்டின் சார் விஷயத்தைச் சொன்னார். நிலையத்தின் அனுமதியைப் புதுப்பிக்க மூன்று வாரத்தில் ஓர் அதிகாரி வருகிறார். நேயர்கள் எங்கே என்று கேட்பார். காட்ட முடியாவிட்டால் அனுமதி போய்விடும், அறை தையல் வகுப்புக்குப் போய்விடும். தையல் மிஷின்கள் ஏற்கெனவே வந்து இறங்கி, கோணி போர்த்தியபடி படிக்கட்டின் கீழே காத்திருந்தன. ஈவ்லின் தினமும் அவற்றைத் தாண்டித்தான் மேலே ஏறினாள்.

ஜூன் மாதத்திலிருந்து அவள் ‘காற்றில் வந்த குரல்’ என்று ஒரு தொடர் நடத்திவந்தாள். வானொலி நம் ஊருக்கு வந்த கதை. நூறு வருடத்துக்கு முன் மெட்ராஸில் சில ஆர்வலர்கள் கூடி ரேடியோ கிளப் தொடங்கியது, மூன்று வருடத்தில் அது நொடித்துப்போனது, பிறகு மாநகராட்சியே ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர் என்பதால் பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ஜனங்கள் போய்க் கேட்டார்கள். இந்த இடம் வரும்போதெல்லாம் ஈவ்லினின் குரல் தானாகத் தணியும். முகம் இல்லாத ஒரு குரலைக் கேட்க ஊர் திரண்டு போய் உட்கார்ந்தது என்பதை அவளால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். தன் குரலை யாராவது ஒருவர் கேட்டார் என்று தெரிய வேண்டும். நான்கு மாதத்தில் ஒரு கார்டுகூட வரவில்லை.

ஆஸ்டின் சார் கண்ணாடியை விரலால் தட்டினார்.

“இன்றைய நிகழ்ச்சியைக் கேட்டு மகிழ்ந்து கடிதம் எழுதியிருக்கும் நேயர்கள்...” என்று ஈவ்லின் ஆரம்பித்துவிட்டாள். ஆரம்பித்த வாக்கியத்தை வானொலியில் பாதியில் விட முடியாது. “கோவளத்திலிருந்து கதிரேசன், சேலையூரிலிருந்து மெட்டில்டா, மாடம்பாக்கத்திலிருந்து அப்பாதுரை. உங்கள் அனைவருக்கும் நன்றி.”

மூன்று பேரையும் அவளுக்குத் தெரியாது. மூன்று பேரும் அந்தக் கணத்தில்தான் பிறந்தார்கள்.

வெளியே வந்ததும் ஆஸ்டின் சார் கேட்டார். “லெட்டர் வந்துச்சா? சொல்லவே இல்லையே மா.”

“இன்னிக்குத்தான் சார்.”

“கோவளமா? நம்ம ரேஞ்ச் பத்து கிலோமீட்டர்தானே?”

“காத்து இந்தப் பக்கமிருந்து அடிச்சா போகும் சார்.”

அவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். காற்றைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. “நல்லது. மூணு லெட்டரையும் ஃபைல்ல போட்டு வை. நாளைக்குப் பார்க்கணும்” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

மறுநாள் மதியமே ஈவ்லின் மூன்று விதத் தாளும் மூன்று பேனாவும் வாங்கி வந்து உட்கார்ந்தாள். கங்கம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“இன்னாம்மா, இடது கையால எழுதிகினு கீற?”

“கோவளம் கதிரேசன் எழுதறார் அக்கா.”

“அவருக்கு இன்னா, கையில அடியா?”

“அவர் இல்லவே இல்ல. யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

கங்கம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “இல்லாதவருக்கு ஏன் இவ்ளோ கஷ்டம் குடுக்கிற? சோத்துக் கையாலயே எழுதச் சொல்லு.”

கதிரேசன் இரண்டு வரி எழுதினார். மெட்டில்டா, நிகழ்ச்சி பயனுள்ளதாக இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவும் என்று நான்கு வரி எழுதினாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். அப்பாதுரையின் முறை வந்தபோது ஈவ்லின் மைப் பேனாவை எடுத்தாள். யாரோ தனக்கு எழுத வேண்டும் என்று நான்கு மாதமாக அவள் காத்திருந்த கடிதம் அது. பேனா நிற்கவில்லை.

‘நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவன். முப்பத்தைந்து வருடம் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, ஊர்கள் பின்னால் போவதை மட்டும் பார்த்தவன். என் தகப்பனார் கடற்கரை மணலில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கச்சேரி கேட்டவர். பாட்டு முடிந்ததும் கை தட்டுவாராம். பாடுகிறவருக்கு அது கேட்காது என்று பக்கத்திலிருந்தவர் சொன்னாராம். அதனால் என்ன, மரியாதை என்று ஒன்று இருக்கிறதே என்றாராம் அப்பா. நீங்கள் பேசி முடித்ததும் நானும் என் மொட்டைமாடியில் கை தட்டுகிறேன், அம்மா.’

எழுதி முடித்து ஈவ்லின் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் வந்த ஆஸ்டின் சாரும் அதையே செய்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

“ஈவ்லின், இவரை அந்த அதிகாரி முன்னாடி மேடை ஏத்தணும். பொன்னாடை போர்த்துவோம். இந்த லெட்டரை அவரே வாசிக்கட்டும். அப்புறம் யாரு நம்ம ஸ்டேஷனை மூடறாங்கன்னு பார்க்கலாம்.”

“அவருக்கு உடம்பு முடியாதே சார்.”

“என்ன உடம்புக்கு?”

“வயசு சார்.”

“அப்படின்னா இப்பவே போய்ப் பார்த்து ஒரு ஜெபம் பண்ணிட்டு வந்திருவோம். கங்கம்மா, கீழ போய் ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கு.”

கால் மணி நேரத்தில் ஈவ்லின் காரின் முன்சீட்டில் சாத்துக்குடிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் கங்கம்மா. கேம்ப் ரோடு சந்திப்பில் சிவப்பு விழுந்தது. இடது பக்கம் திரும்பினால் மாடம்பாக்கம்.

“எந்தத் தெரு மா?” என்றார் ஆஸ்டின் சார்.

பச்சை விழுவதற்குள் அப்பாதுரை சாக வேண்டியிருந்தது. ஈவ்லின் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். “ஹலோ. ஆமாங்க, ரேடியோவிலிருந்துதான். எப்போ? ஐயோ. சரிங்க. சரிங்க.” போனை மடியில் வைத்தாள். “சார், அவர் தவறிட்டாராம். காலையில.”

பச்சை விழுந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. ஆஸ்டின் சார் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

“பாவம், நல்ல மனுசன்” என்றாள் கங்கம்மா பின்னாலிருந்து. அவள் குரலில் உண்மையான துக்கம் இருந்ததுதான் ஈவ்லினுக்குப் பயமாக இருந்தது.

“அடக்கம் எங்கே?” என்றார் ஆஸ்டின் சார்.

“சொந்த ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்களாம் சார். கிளம்பிட்டாங்களாம்.”

இத்தோடு தீர்ந்தது என்று அவள் நினைத்தாள். ஆனால் ஆஸ்டின் சார் காரை நிலையத்துக்குத் திருப்பும்போதே முடிவு செய்துவிட்டார். “மேடை ஏத்தத்தான் முடியல. இரங்கல் கூட்டமாவது நடத்துவோம். அதிகாரி வர்ற அன்னிக்கே வச்சிருவோம். ஒரு நேயருக்கு நாம எவ்வளவு மரியாதை செய்யறோம்னு அவரும் பார்க்கட்டும்.”

“அவ்வளவெல்லாம் எதுக்கு சார்?”

“என்னம்மா இப்படிப் பேசற? உனக்குக் கை தட்டின மனுஷன்.”

அன்று மாலை அவருடைய உத்தரவுப்படி ஒலிபரப்பில் ஒரு நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டது. வானொலியில் பேசாமலிருப்பது எளிதல்ல. ஈவ்லின் மைக் முன்னால் எழுந்து நின்று, தான் உண்டாக்கிய ஒரு மனிதருக்காக அறுபது வரை எண்ணினாள். நாற்பதைத் தாண்டும்போது கண்ணைத் துடைத்ததில் எண்ணிக்கை தவறி, மறுபடி முப்பதிலிருந்து ஆரம்பித்தாள்.

அடுத்தது சுவரொட்டி. கண்ணீர் அஞ்சலி என்றால் படம் வேண்டும். “வீட்ல ஒரு படம்கூட இல்லையாம் சார்” என்றாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரேடியோ படத்தைப் போடலாம் என்றார் அச்சகத்துக்காரர். படம் எடுக்க நிலையம் முழுவதும் தேடியும் ஒரு ரேடியோ கிடைக்கவில்லை. கடைசியில் இணையத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

‘வானொலி நேயர் திலகம், ரயில்வே கார்டு (ஓய்வு) மாடம்பாக்கம் அப்பாதுரை அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று மேலே பெரிய எழுத்து. நடுவில் மாலை போட்ட ரேடியோ. கீழே கூட்டம் நடக்கும் இடமும் நேரமும். அஞ்சலி செலுத்துவோர் பெயர் இல்லாமல் போஸ்டர் மொட்டையாக இருக்கிறது என்று அச்சகத்துக்காரர் சொன்னதால், ‘துயரத்தில் வாடும் கோவளம் கதிரேசன், சேலையூர் மெட்டில்டா மற்றும் நேயர்கள்’ என்றும் சேர்ந்தது. தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து சேலையூர் ஏரிக்கரை வரை ஒட்டினார்கள்.

கூட்டத்தன்று ஈவ்லின் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவள் கணக்குப்படி வரப்போகிறவர்கள் நான்கு பேர். அவள், ஆஸ்டின் சார், கங்கம்மா, அதிகாரி. காலியாகக் கிடக்கும் ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை அதிகாரி பார்ப்பார். அத்தோடு நிலையம் முடிந்தது. கீழே தையல் மிஷின்களின் கோணியை யாரோ பாதி விலக்கிவிட்டிருந்தார்கள்.

அதிகாரி தோத்தாத்ரி மூன்று மணிக்கு வந்தார். ஒல்லியான, அமைதியான மனிதர். தோளில் கருவிகள் வைத்த கனமான பை. “முதல்ல உங்க கூட்டம் முடியட்டும். நான் பின்னாடி உட்கார்றேன்” என்று கடைசி வரிசைக்குப் போனார்.

மூன்று பத்துக்கு முதல் ஆள் வந்தார். கறுத்து உயரமாக, கையில் ஒரு மாலையோடு.

“இங்கதானே அப்பாதுரை கூட்டம்? நான் கோவளம் கதிரேசன்.”

ஈவ்லின் அவருடைய இடது கையைப் பார்த்தாள். “நீங்க... கதிரேசனா?”

“ஆமாம்மா. மீன் ஏத்திட்டு வர்றப்போ தாம்பரத்துல போஸ்டர் பார்த்தேன். வாடுறவங்க லிஸ்ட்ல என் பேரு போட்டிருந்துச்சு. வராம இருந்தா நல்லா இருக்குமா?”

அவருக்குப் பின்னால் சேலையூர் மெட்டில்டா வந்தார். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு சேலையூர் மெட்டில்டா வந்தார். மூன்றாவது மெட்டில்டா வெள்ளைப் புடவையில் வந்தபோது, முன்வரிசையில் யார் உட்காருவது என்பதில் சிறு சங்கடம் ஏற்பட்டது. வெள்ளைப் புடவைக்கு மற்ற இருவரும் விட்டுக்கொடுத்தார்கள்.

மூன்றரைக்குள் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. ரயில்வேயில் ஓய்வுபெற்றவர்கள் ஒரு வரிசை. மாடம்பாக்கத்திலிருந்து ஒரு வேன். பூக்கடைக்காரர், பல் டாக்டர், பஸ் ஏறப் போனவர்கள் சிலர். கங்கம்மா பக்கத்து மண்டபத்திலிருந்து பெஞ்சு கேட்டு வாங்கி வந்தாள்.

“இவ்ளோ பேரு கேக்கறாங்களே மா உன்ன” என்றாள் ஈவ்லினின் காதில். “நீ என்னமோ யாருமே இல்லன்னு பேஜாரா உட்கார்ந்துகினு இருந்தியே.”

அதற்குள் மைக் ஒரு ரயில்வேக்காரர் கைக்குப் போயிருந்தது.

“அப்பாதுரையும் நானும் விழுப்புரம் லைன்ல ஒண்ணா வேலை பார்த்தோம். அதிகம் பேச மாட்டான். ஆனா சாயங்காலம் ஆனா ரேடியோதான். ‘டேய், சேலையூர்ல ஒரு பொண்ணு பேசுது, கேளு’ன்னு அவன்தான் எனக்குச் சொன்னான். அன்னிலேர்ந்து நானும் கேக்கறேன். ஒரு நாள் விட்டதில்ல.”

இரண்டாவது மெட்டில்டா எழுந்தார். “இந்த ஐயா சொல்றது சரி. எங்க வீட்ல சமையலே இந்தப் பொண்ணு குரல்லதான் நடக்கும். நேத்து கொஞ்சம் கம்மியிருந்துச்சு மா தொண்டை. வெந்நீர் குடி.”

ஈவ்லினின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. நேற்று உண்மையாகவே கம்மியிருந்தது.

“அந்த ஒரு நிமிஷ மௌனம் இருக்கே” என்றார் பல் டாக்டர். “நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டுக் கேட்டேன். அவ்வளவு தெளிவா இருந்துச்சு.”

கூட்டத்தில் பலர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கதிரேசன் எழுந்து, கடலுக்குள் போனாலும் படகில் இந்த ஸ்டேஷன்தான் என்றார். கரையிலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் எடுக்கும் என்றார். ஆஸ்டின் சார் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். தோத்தாத்ரி ஒரு சிறிய நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

மாடம்பாக்கம் வேனில் வந்த பெரியவர் ஒருவர் ஈவ்லினைத் தனியாகக் கூப்பிட்டார். “எனக்கும் இதே மாதிரி ஒண்ணு போடுவியா மா?”

“ஐயா, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?”

“அதான் கேக்கறேன். செத்தப்புறம் போட்டா எனக்கு எப்படிக் கேக்கும்?”

அவர் விளையாடவில்லை. தன் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஒரு சீட்டில் எழுதியே கொண்டுவந்திருந்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. மணலில் உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தை அவள் எத்தனை முறை கற்பனை செய்திருக்கிறாள். அது இங்கே உட்கார்ந்திருக்கிறது. நான்கு மாதமாகத் தான் தனியாகப் பேசவில்லை. இவர்கள் அடுப்படியிலும் படகிலும் சாலை ஓரத்திலும் இருந்திருக்கிறார்கள், எழுதத்தான் இல்லை. இப்படிப்பட்டவர்களிடம் பொய் சொல்வது அநியாயம் என்று பட்டது. நிலையம் போனாலும் போகட்டும்.

அவள் மைக்கை வாங்கினாள். “நான் ஒரு உண்மையைச் சொல்லணும். அப்பாதுரை அனுப்பினதா சார் வச்சிருக்கற லெட்டர், அவர் எழுதினதில்ல. நான் எழுதினது.”

ஆஸ்டின் சாரின் முகம் வெளுத்தது.

ரயில்வேக்காரர் மெதுவாகத் தலையாட்டினார். “தெரியும்மா. கடைசி காலத்துல அவனுக்குக் கை நடுக்கம். யாராச்சும் எழுதிக் குடுத்தாத்தான் உண்டு. நீ போய் எழுதிக் குடுத்தியே, அந்த மனசு யாருக்கு வரும்?”

முன்வரிசையில் வெள்ளைப் புடவை மெட்டில்டா விம்மி அழுதார். அதற்குமேல் ஈவ்லினால் எதையும் சொல்ல முடியவில்லை. அவளும் அழுதாள். அப்பாதுரை என்ற மனிதரை இனி அவளாலும் இல்லையென்று சொல்ல முடியாது. அவருக்கு ஐம்பது சாட்சிகள் இருந்தார்கள்.

ஆஸ்டின் சார் ஜெபத்தோடு கூட்டத்தை முடித்துவைத்தார். கங்கம்மா சமோசாவும் டீயும் கொடுக்க ஆரம்பித்தாள். தோத்தாத்ரி, ஒலிபரப்புக் கருவி இருந்த மொட்டைமாடி அறையின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பையோடு தனியாக மேலே ஏறிப் போனார்.

“நேயர் விஷயத்துல இனி அவர் வாயே திறக்க முடியாது” என்றார் ஆஸ்டின் சார். “தையல் கிளாஸை வேற எங்கேயாவது வச்சுக்கச் சொல்லிடறேன் மா.”

ஈவ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சுற்றிலும் அவளுடைய நேயர்கள் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு இவர்கள் எல்லோருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு எழுதிக்கொண்டாள். எல்லோரும் இனிஷியலோடு சொன்னார்கள்.

இருபது நிமிடம் கழித்துத் தோத்தாத்ரி இறங்கி வந்தார். சட்டைத் தோளில் ஒட்டடை. கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு ஈவ்லின் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மரியாதையாகச் சொன்னார்.

“மேடம், உங்க டிரான்ஸ்மிட்டர் ஏப்ரல் மாசமே எரிஞ்சு போயிருக்கு. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல, ஒலிபரப்பே இல்லாத ஒரு ஸ்டேஷனுக்கு இவ்வளவு நேயர்களை நான் பார்த்ததே இல்ல.”